நரைக்காத ஊர்

ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் டில்லிபாபுவுக்குப் பசி எடுக்கும். சாதாரணப் பசி இல்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியிலும் இடம் கிடைக்காமல் நிற்பவனுக்கு வருமே, அந்தப் பசி. அன்று காலை மண்ணூர்பேட்டையில் பொங்கலும் வடையும் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட்டில், டாக்டர் வித்யாவின் பரிசோதனைக் கூடத்துப் படியில் ராகவன் எதிரே இறங்கி வருவதைப் பார்த்த மாத்திரத்தில், வயிறு காலி டிரம்மைத் தரையில் உருட்டினது போல உறுமியது.

ராகவன், பொன்கதிர் அனல் மின் நிலையத்தின் ஆலோசகர். அப்படியொரு மழமழப்பான மனிதரை ஆவடி வட்டாரமே பார்த்ததில்லை. அவர் சட்டையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து கால் ஒடிந்துவிடும். அவர் சிரித்தால் பக்கத்துத் தெருவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரையைத் தேடுவார்கள்.

"நாளைக்குத் திருவள்ளூர்ல கூட்டத்துல பார்ப்போம் சபீனா மேடம்," என்றார், படி முழுவதும் தேன் வழிய. "டாக்டரம்மாவுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லுங்க. பாவம், ஜனங்க தலைமுடியில பாதரசமே இல்லைன்னா அவங்கதான் என்ன பண்ணுவாங்க?"

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். சபீனா படியிலேயே நின்றாள்.

"டில்லி, பரிசோதனை முடிவு வந்தது எப்போ?"

"ராத்திரி மேடம். வித்யாம்மா போன் பண்ணி நம்மகிட்டதான் மொதல்ல சொன்னாங்க. வேற யார்கிட்டயும் வாய் தொறக்கலன்னாங்க."

"அப்போ இவருக்கு எப்படித் தெரியும்?"

டில்லிபாபு வயிற்றைத் தடவிக்கொண்டான். "மேடம், எனக்குப் பசிக்குது."

சபீனாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்து, பாடியிலிருந்து பட்டாபிராம் வரை இருந்த போலிக் கட்டுக்காரர்களை எல்லாம் கட்டைப் பிரித்து ஓட வைத்தவள். இப்போது மண்ணூர்பேட்டையில் டயர்க் கடைக்கு மேலே சொந்தத் துப்பறியும் அலுவலகம். அவளுடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். வெளியாளிடம் கேள்வி கேட்க மாட்டாள். தப்பாக எதையாவது சொல்லுவாள். எதிரில் இருப்பவர் பொறுக்க முடியாமல் அதைத் திருத்துவார். மனிதனால் பசியை அடக்க முடியும், தூக்கத்தை அடக்க முடியும். அடுத்தவன் சொல்லும் தப்பைத் திருத்தாமல் இருக்க மட்டும் முடியாது என்பது அவள் சித்தாந்தம்.

டில்லிபாபு ஷேர் ஆட்டோக்காரனாக இருந்து அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். ஆட்டோவும் கூடவே சேர்ந்தது. அம்பத்தூர் ஓ.டி.யில் பிரேக் போட்டால் கள்ளிக்குப்பத்தில் நிற்கும் ஆட்டோ.

உள்ளே வித்யா, இரவெல்லாம் தூங்காத கண்களோடு மேசை நிறையக் காகிதப் பொட்டலங்களைப் பரப்பி வைத்திருந்தாள். பொட்டலத்துக்குள் தலைமுடி.

"எனக்கு ஒண்ணுமே புரியலை சபீனா," என்றாள். "செம்மண்தாங்கல் ஏரி மீன்ல பாதரசம் கொட்டிக் கிடக்குது. போன மாசம் நானே சோதிச்சேன். அந்த மீனைத் தினமும் சாப்பிடறவங்க முடியில மட்டும் ஒண்ணுமில்லை. நாளைக்கு இதை வெச்சு மீன் முடிவும் பொய்யின்னு சொல்லிடுவாங்க. பொன்கதிருக்கு மறுபடி அவகாசம் கொடுத்துடுவாங்க."

கதை இதுதான். நிலக்கரியில் பாதரசம் இருக்கிறது. எரித்தால் புகையோடு போகிறது. புகை ஏரியில் இறங்குகிறது. ஏரியிலிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனைத் தின்ற விராலுக்கு, விராலைத் தின்ற மனிதனுக்கு, தாய் வழியாக வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு. புகைபோக்கியில் அதைப் பிடித்து நிறுத்தும் கருவி வைக்க வேண்டும் என்பது விதி. விதி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பொன்கதிருக்கு மட்டும் அவகாசத்துக்கு மேல் அவகாசம். நாளைய கூட்டத்தில் அதிகாரிகள் குழு உட்கார்ந்து, கருவியா, இன்னொரு அவகாசமா என்று முடிவு செய்யப் போகிறது.

"எங்க தெருவுக்கு வர்ற தண்ணி லாரி மாரி," என்றான் டில்லிபாபு. "போன் பண்ணா, 'இதோ பாடியாண்ட வந்துகினு கீறேன்'ம்பான். எங்கப்பா காலத்துல இருந்து பாடியாண்டதான் வந்துகினு கீறான்."

வித்யாவால் சிரிக்க முடியவில்லை.

"எல்லாப் பொட்டலமும் சுத்தமா?" சபீனா சிநேகிதியிடம் மட்டும் நேராகக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு தவிர. அதுல அளவு கூரையைப் பிச்சுட்டுப் போச்சு. மத்தது எல்லாம் சுத்தமா இருக்கும்போது ஒண்ணு மட்டும் அப்படி வந்தா, அது மிஷின் கோளாறுதான். ஒதுக்கி வெச்சுட்டேன்."

சபீனா பொட்டலங்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். மேலே வயது மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை.

"ஊருக்குள்ள போய் நீயே கத்திரிக்கோல் போட்டு வெட்டினே. பெயர் எழுத மறந்துட்டே," என்றாள். சிநேகிதியானாலும் பழக்கம் விடவில்லை.

"மறக்கலை!" வித்யாவுக்கு ரோஷம் வந்தது. "வெட்ட எங்கே விட்டாங்க? தலைமுடி வெளியாள் கைக்குப் போனா செய்வினை வெச்சிடுவாங்கன்னு பயந்தாங்க. பெயர் எழுதினா இன்னும் பயம். ஏரி மீன்காரப் பெண்கள் சங்கத் தலைவி கன்னியம்மாதான், 'நாங்களே வெட்டிக்கினு வர்றோம், வயசு மட்டும் எழுதறோம்'னாங்க. பின்கழுத்துல தோலை ஒட்டி வெட்டணும்னு சொல்லிக் கொடுத்தேன். அவங்க நம்பிக்கையை மதிக்கணும் இல்லையா?"

"மதிச்சே. மதிச்சுட்டு, பொட்டலத்தைப் பிரிச்சு முடியைப் பார்க்கலை."

"பார்க்காம எப்படி? எடை போட்டேன், கழுவினேன், காய வெச்சேன்..."

"அதெல்லாம் மாதிரியைப் பார்த்தது. முடியைப் பார்க்கலை." சபீனா மூன்று பொட்டலங்களை அவிழ்த்து வரிசையாக வைத்தாள். அறுபத்திரண்டு வயது. எழுபது. ஐம்பத்தெட்டு. "ஏன் வித்யா, செம்மண்தாங்கல்ல யாருக்குமே வயசாகாதா?"

அப்போதுதான் டில்லிபாபுவும் பார்த்தான். மூன்றும் கருகரு. அமாவாசையன்று மின்சாரம் போனால் இருக்குமே, அந்தக் கறுப்பு. ஒரு வெள்ளை இழை கிடையாது.

"டை அடிச்சிருப்பாங்க மேடம்," என்றான். "எங்க அத்தைக்குத் தொண்ணூறு வயசு. மண்டைய மட்டும் பார்த்தா காலேஜு."

"சாயம் அடிச்சாலும் அடியில வெள்ளை எட்டிப் பார்க்கும். தோலை ஒட்டி வெட்டினதுல அடியும் கறுப்பா இருக்குது பாரு. ஊர் முழுக்க ஒரு நரை கூட இல்லைன்னா, இந்த முடி தலையில இருந்து நேரா வரலை. நரையைப் பொறுக்கித் தனியா போடற இடத்துல இருந்து வந்திருக்கு."

"அப்படி ஒரு இடம் இருக்கா?" என்றாள் வித்யா.

"சவுரி செய்யறதுக்கு முடி வாங்கி, தரம் பிரிச்சு, வெளிநாட்டுக்கு அனுப்பற கிடங்கு. இந்தப் பக்கம்னா மாங்காட்டுப் பக்தவத்சலம்." சபீனா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "டில்லி, ஆட்டோவை எடு."

"ராகவன்தான் மேடம்," என்றான் டில்லிபாபு, படியில் இறங்கிக்கொண்டே. "பூட்ட ஒடச்சி உள்ள வந்து மாத்திட்டான். எனக்கு இன்னும் பசி அடங்கல."

பூந்தமல்லி நெடுஞ்சாலை அன்று வழக்கம்போல் நகரவில்லை. வானகரத்தில் நின்ற நேரத்தில் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பக்கத்து பஸ்ஸில் கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். மெட்ரோ தூண்களுக்கு அடியில் புகுந்து புறப்பட்டு, குமணன்சாவடியில் ஒரு மாட்டிடம் வழி கேட்டு, ஒருவழியாக மாங்காடு எல்லையில் கிடங்கை அடைந்தார்கள்.

கிடங்கா அது! மலை. கறுப்பு மலை. அங்கே இருந்த முடியைக் கயிறாகத் திரித்தால் ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஒரு டாங்கியைக் கட்டி இராமேஸ்வரம் வரை இழுத்துப் போகலாம். ஒரு மூலையில் பெண்கள் உட்கார்ந்து நரையை வேறாக, கறுப்பை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாற்காலியில் பக்தவத்சலம். இவ்வளவு முடிக்கும் சொந்தக்காரரான அவர் தலையில் ஒரு முடி கிடையாது.

"இன்னா மேடம், இது வஞ்சனையில்ல?" என்று டில்லிபாபு சபீனாவின் காதில் கிசுகிசுத்தான்.

சபீனா தன் அடையாள அட்டையைக் காட்டியும் காட்டாமலும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். "பக்தவத்சலம் ஐயா, பொன்கதிர் கம்பெனி ராகவனுக்கு மூட்டை மூட்டையா முடி வித்திருக்கீங்க. லாரியில ஏத்தினதைப் பார்த்தவங்க இருக்காங்க."

பக்தவத்சலம் நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பினார். "மூட்டையா? லாரியா? எவன்மா சொன்னவன்? ஒரே ஒரு மஞ்சப் பை! அதுவும் விக்கல. ராகவனாம் ராகவன், அவன் மூஞ்சி எப்புடி இருக்கும்னே எனக்குத் தெரியாது!"

"பாவம், ஏமாந்திருக்கீங்க. முடி வாங்கினவர் உங்ககிட்ட வேற பெயர் சொல்லியிருப்பார்."

"வந்தது ஆம்பளையே இல்ல..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மொட்டைத் தலையில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. "கோவில் கூத்துக்குத் தாடி மீசை ஒட்டணும்னாங்க. குடுத்தேன். யாருன்னு நெனப்பில்ல. வயசாயிடிச்சி. போய்ட்டு வாங்க."

சபீனா அடுத்த தப்பை யோசித்துக்கொண்டிருந்தபோது, கிடங்கின் பின்பக்கமிருந்து டில்லிபாபுவின் அலறல் கேட்டது. கோயம்பேட்டில் பஸ்ஸை விட்டவன் கூட அப்படி அலறியிருக்க மாட்டான்.

"மேடம்! இங்க முடி நீந்துது!"

முடியை அலசுவதற்கென்று சிமென்ட் தொட்டி ஒன்று இருந்தது. முகம் கழுவப் போன டில்லிபாபு அதற்குள் கையை விட்டிருக்கிறான். கறுப்பாக, வழுவழுவென்று ஏதோ ஒன்று அவன் விரலை உரசிவிட்டு, சுழன்று, வாலால் முகத்தில் தண்ணீரை அடித்தது. சபீனா எட்டிப் பார்த்தாள். கை நீள விரால் மீன்கள், உயிரோடு. ஒன்று தலையில் ஒரு கற்றை முடியை மாட்டிக்கொண்டு, நாடகத்துக்குப் புறப்பட்ட ராஜபார்ட் மாதிரி வலம் வந்துகொண்டிருந்தது.

"மாங்காடு மார்க்கெட்ல வாங்கினது. நல்லா இல்லை, இளசு," என்றாள் சபீனா அலட்சியமாக.

பக்தவத்சலத்தின் வியாபார ரத்தம் கொதித்துவிட்டது. "மார்க்கெட்டா? இந்த சைஸு விரால மார்க்கெட்டுல காட்டிட்டா நான் மீசய எடுத்துடறேன்! என் ஊட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிக் கீது. தையல் ஆற விரால் குடுக்கச் சொன்னாங்க. ஏரில புடிச்சி, பக்கெட்டுல தண்ணியோட, உசுரோட கொண்டாந்து..."

அவரே நிறுத்திக்கொண்டார். மீன் மட்டும் வாலை ஆட்டியது.

"முடிக்கு மாத்தா மீன்," என்றாள் சபீனா மெதுவாக. "ஐயா, இதுல ஒண்ணைக்கூட அம்மாவுக்குக் கொடுக்காதீங்க. செம்மண்தாங்கல் விராலா இருந்தா அதுல பாதரசம் இருக்கு. சின்ன மீனை எல்லாம் தின்னுட்டு, அத்தனை விஷத்தையும் தனக்குள்ள சேர்த்து வெச்சிருக்கிறதே விரால்தான்."

பக்தவத்சலத்தின் முகம் தொங்கிப் போயிற்று. "நேத்தே கொழம்பு வெச்சிட்டமே," என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆட்டோ பருத்திப்பட்டு தாண்டியபோது டில்லிபாபு வாய் திறந்தான்.

"மேடம், ராகவனாண்ட ஏது விரால்? அவன் மீனத் தொட்டா கைல கறை ஆயிடும். விரால் வெச்சிகினு கீறவங்க ஏரிக்காரங்க. கன்னியம்மாதான் பொட்டலம் கட்டினவங்க."

"ம்."

"வெசம் குடிக்கிறவங்களே, வெசம் இல்லன்னு பொய் சொல்லுவாங்களா? பைத்தியமா?"

"பைத்தியம் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. அதுதான் கவலையா இருக்கு."

"எனக்கு இப்ப யார் மேல பசிக்குதுன்னே தெரியல மேடம்," என்றான் டில்லிபாபு.

ஆவடி கடந்து, பட்டாபிராம் கடந்து, செம்மண்தாங்கல். தூரத்திலேயே பொன்கதிரின் புகைபோக்கி தெரிந்தது. அதன் உச்சியில் ஏறி நின்றால் திருப்பதி லட்டுக்கு வரிசையில் நிற்பவர்களின் முகம் தெரியும், அவ்வளவு உயரம். அடியில் ஏரி. மாலை வெயிலில் தகதகவென்று, ஒரு பாவமும் அறியாதது போலக் கிடந்தது. கரையில் பெண்கள் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றவள் கன்னியம்மா. பக்கத்தில் மெலிந்த பெண் ஒருத்தி, வயிறு லேசாக மேடிட்டிருந்தது, ஒரு விரலால் இன்னொரு விரலைத் தேய்த்துவிட்டபடி நின்றாள். அவள் மருமகள் சுவேதா.

"வாம்மா," என்றாள் கன்னியம்மா. குரலில் வரவேற்பு இருந்தது, கண்ணில் இல்லை. "டாக்டரு அனுப்பிச்சாங்களா?"

சபீனா சுற்றி வளைக்கவில்லை. "ராகவன்கிட்ட பணத்தை வாங்கிட்டு, ஊர் முடிக்குப் பதிலா மாங்காட்டு முடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கீங்க. ஊரையே வித்துட்டீங்க கன்னியம்மா."

கரையே எழுந்து நின்றது. கூடைகள் உருண்டன. டில்லிபாபு ஆட்டோவுக்கும் தனக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தான்.

"யாரு வித்தா?" கன்னியம்மாவின் சத்தத்தில் ஏரியில் இருந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. "அவன் காசு என் கால் தூசு! முடிய மாத்தனது நான்தான். ஆமா, நான்தான்! காசுக்கா மாத்தனேன்? போன மாசம் இந்த ஏரி மீனுல வெசம்னு டி.வி.ல போட்டான். மறுநாளு மண்ணூர்பேட்டை மார்க்கெட்டுல என் கூடையாண்ட ஒருத்தி வர்ல. வருசக்கணக்கா 'கன்னிம்மா, நடுத்துண்டா பாத்துப் போடு'ன்னவ, மூக்கப் பொத்திகினு அந்தாண்ட போறா. அத்தினி மீனையும் குழி வெட்டிப் பொதச்சோம். பொகபோக்கிய எவனாச்சும் பொதச்சானா? அது பாட்டுக்கு ஊதிகினு கீது!"

"முடியிலயும் விஷம்னு தெரிஞ்சா கருவி வைக்கச் சொல்லுவாங்க. அதுக்குத்தானே பரிசோதனை?"

"அந்த ராகவன் பூந்திப் பொட்டலத்தோட வந்தான். 'உங்க நல்லதுக்குச் சொல்றேன்மா, முடியில பாதரசம்னு வந்தா கவுர்மெண்டு மொதல்ல ஏரிக்குத்தான் பூட்டுப் போடும்'னான். 'பேரு எழுதாத பொட்டலம், யாரு முடின்னு யாரு பாக்கப் போறா'ன்னு சிரிச்சான். சிரிச்சிட்டுப் போய்ட்டான். அவன் கெட்டவன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அவன் சொன்னது பொய்யா? நீ படிச்சவ, நீ சொல்லு. வெசம்னு எழுதிட்டா மொதத் தட எதுக்கு? பொகபோக்கிக்கா? வலைக்கா?"

ராகவனுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்பது டில்லிபாபுவுக்கு இப்போது விளங்கிவிட்டது. அந்த மனிதர் பூட்டை உடைக்கவில்லை. பயத்தை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மற்றதை ஊரே செய்து முடித்துவிட்டது. பொய்க்குக் கைரேகை கூட அவருடையது இல்லை.

"வலைக்குத்தான் முதல்ல வரும்னு நீங்க பயப்படறதுல நியாயம் இருக்கு," என்றாள் சபீனா கடைசியில். "வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"அப்ப போம்மா. போய் வேலயப் பாரு."

சபீனா திரும்பி இரண்டடி நடந்தாள். பிறகு, ஏதோ சில்லறை விஷயம் ஞாபகம் வந்ததுபோல் நின்றாள்.

"ஒண்ணு மட்டும் நல்லதாப் போச்சு. ஒரே ஒரு பொட்டலத்துல பாதரசம் ஏகத்துக்கு வந்தது. இருபத்திமூணு வயசுன்னு எழுதியிருந்தது. மிஷின் கோளாறு. அதைத் தூக்கிப் போட்டாச்சு. நீங்க யாரும் அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்."

புகைபோக்கி மேலே ஊதிக்கொண்டிருந்தது.

"மிஷின் கோளாறு இல்ல," என்றாள் சுவேதா.

கன்னியம்மா மெதுவாகத் திரும்பினாள். "இன்னாடி?"

"அது என் முடி அத்தை. நீ கட்டி வெச்ச பொட்டலத்துல மாங்காட்டு முடிய எடுத்துட்டு, என்னோடத வெட்டி வெச்சிட்டேன்." அவள் கையை நீட்டிக் காட்டினாள். "விரல் மதமதங்குது. பால் டம்ளரு கைல நிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரில சத்துக் கொறச்சல்னு மாத்திர எழுதிக் குடுத்தாங்க. எனக்குத் தெரியணும் அத்தை. எனக்கு இல்லன்னாலும் உள்ள கீறதுக்குத் தெரியணும்."

"ஏண்டி, என்னாண்ட சொல்லல?"

"நீதான தெனம் விரால் கொழம்பு வெச்சிக் குடுக்குற. புள்ள தெம்பா பொறக்கணும்னு, பெரிய துண்டா பொறுக்கி எனக்குப் போட்டுட்டு நீ வெறும் கொழம்பு ஊத்திக்கிற. உன்னாண்ட எப்டி சொல்லுவேன்?"

கன்னியம்மா கரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். அந்தக் கைகள்தான் மீனை ஆய்ந்தன, குழம்பு வைத்தன, ஊட்டின.

"ரொம்ப வந்திச்சா?" என்று கேட்டாள், நிமிராமல்.

"ரொம்ப," என்றாள் சபீனா. இந்த முறை அவள் தப்பாக எதுவும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை பார்க்கணும். இன்னையில இருந்து ஏரி மீனை நிறுத்தினா உடம்புல இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்னு வித்யா சொன்னா. குழந்தையைப் பத்தி டாக்டர்கள்தான் பார்த்துச் சொல்லணும். ஆனா சுவேதா ஒருத்தி முடி மட்டும் இருந்தா, நாளைக்கு அதைக் கோளாறுன்னுதான் சொல்லுவாங்க. வித்யாவே அப்படித்தான் சொன்னா."

அப்போது கன்னியம்மாவின் மடியில் செருகியிருந்த செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கன்னியம்மா, நல்லா இருக்கீங்களா?" கரை முழுவதும் தேன் வழிந்தது. ராகவன்.

"இருக்கறோம் சார்."

டில்லிபாபு அவசரமாகத் தன் போனை எடுத்து வீடியோவைத் தட்டினான்.

"அந்த சபீனா உங்க பக்கம் வரலாம். வந்தா எதுவும் பேசாதீங்க."

"இங்க யாரும் வர்ல சார்."

டில்லிபாபுவின் வயிறு மறுபடி உறுமியது. எவ்வளவு சுலபமாக வருகிறது பொய், கண்கூட இமைக்காமல்! அன்று வித்யாவிடம் பொட்டலத்தைக் கொடுத்தபோதும் இப்படித்தான் நின்றிருப்பாள். இவள் இப்போது ஏமாற்றுவது போனில் இருப்பவனையா, எதிரில் நிற்கிற எங்களையா? அவன் சபீனாவைப் பார்த்தான். அவளும் கன்னியம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் அதே கேள்வி.

"முடி விஷயம் யார் வாயில இருந்தும் வெளிய வரக் கூடாது. நீங்க மாத்தினீங்கன்னு தெரிஞ்சா ஜெயில் உங்களுக்குத்தான், எனக்கில்லை. புரியுதுல்ல?"

"புரியுது சார்."

"நாளைக்குக் கூட்டத்துக்கு உங்க ஊர்ல இருந்து ஒருத்தரும் வர வேண்டாம். ஏரியை நான் பார்த்துக்கறேன்."

"சரி சார். நாங்க இன்னாத்துக்கு வர்றோம்?"

சொல்லிக்கொண்டே, கன்னியம்மா போன் பிடிக்காத கையைத் தூக்கிக் கொண்டையை அவிழ்த்தாள். முடி முதுகில் சரிந்தது. மற்ற பெண்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். ஒருத்தி தலையிலிருந்து ஊசியை உருவினாள். அடுத்தவள் பின்னலைப் பிரித்தாள். ஒருவர் பின் ஒருவராக, சத்தமே போடாமல், கரையோரம் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள்.

சபீனா கைப்பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து சுவேதாவிடம் நீட்டினாள். சுவேதா மாமியாருக்குப் பின்னால் மண்டியிட்டு, மரத்துப்போன விரல்களால் முடியை ஒதுக்கி, பின்கழுத்தில் தோலை ஒட்டி கத்திரியை வைத்தாள்.

கரக்.

"அங்க என்ன சத்தம்?" என்றார் ராகவன்.

"மீனு ஆயறோம் சார்," என்றாள் கன்னியம்மா. போனை அணைத்துவிட்டு, அடுத்தவள் தலையைக் குனியும்படி கையால் சைகை காட்டினாள். "நாளைக்குத் திருவள்ளூர் போவணும். வேல நெறைய கீது."